தொண்ணூறுக்கு ஒன்று குறைவு

கிளார்க் நான்காவது முறையாகக் கூட்டிப் பார்த்தான். எழுபத்தொன்றுதான் வந்தது.

போன வருடம் கல்லூரியை விட்டுப் போன நூறு பேரில் வேலையில் இருப்பவர்கள் அவ்வளவுதான். எதிர்க் கல்லூரி மதிலில் 'எண்பத்தொன்பது சதவீதம் வேலைவாய்ப்பு' என்று பெரிய பலகை தொங்கியது.

"நமக்குத் தொண்ணூறு வேணும்," என்றார் முதல்வர். "வந்தா உங்க தற்காலிக வேலை நிரந்தரம். வரலேன்னா வேலைவாய்ப்புப் பிரிவே எதுக்கு?"

அவன் அக்கா வீட்டில் ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தான். பல் தேய்த்தாயா என்று கேட்பதுபோல் மாமா தினமும் காலையில், "நிரந்தரம் ஆயிட்டியா?" என்பார். "பொண்ணு படிக்க அந்த ரூம் வேணும்ப்பா. தப்பா எடுத்துக்காத." அக்கா அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வேலையில்லாதவர்களுக்கு மறுபடி போன் செய்தான்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன் சார்."

"சும்மான்னா?"

"அண்ணி ஆபீஸ் போனா குழந்தைய பாத்துக்கறேன்."

'குழந்தைப் பராமரிப்புத் துறை' என்று எழுதினான். வேலை தேடி அலைந்துகொண்டிருந்த ஒருவன் 'களப்பணி'யில் சேர்ந்தான். மூன்று நாளில் எண்பது ஆனது.

முதல்வர் பட்டியலைத் தடவிப் பார்த்தார். "எல்லாருக்கும் முதலாளிகிட்டேர்ந்து கடிதம் வாங்கிடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணுமில்ல?"

அண்ணி கடிதம் தரவில்லை. புதிதாகச் சேர்த்த ஒன்பதும் உதிர்ந்தன. இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று கம்பெனிகளுக்குப் போன் போட்டான்.

"இன்னும் ஒரு பேப்பர் பாக்கியா?" என்றார் ஒரு முதலாளி, அவன் வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு. "எல்லாம் பாஸுன்னுல்ல சொன்னான்."

தன்னால் ஒருவன் வேலை போயிற்றே என்று அவனுக்கு உறுத்தியது. அடுத்த முதலாளியிடம் பையனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத் தீர்மானித்தான்.

"ரொம்பத் திறமையான பையன் சார். இந்த மாசமே ரெண்டு இடத்துல இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

அறுபத்தொன்பது.

"நாமளே வேலை கொடுத்தா என்ன சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

முதல்வர் முதல்முறையாக அவனுக்கு நாற்காலியைக் காட்டினார்.

இருபது பேருக்கு ஒரு மாத வேலை. பதவி: தொலைபேசி உதவியாளர். கிளார்க்கின் அறையில் பெஞ்சு போட்டு நெருக்கி உட்காரவைத்தார்கள். பழைய மாணவர்களுக்குப் போன் செய்து வேலை கிடைத்ததா என்று கேட்பதுதான் வேலை. போனை எடுக்க ஆள் இல்லாததால் பாதி நேரம் பெஞ்சிலேயே ஒருவருக்கொருவர் போன் செய்து, கிடைத்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டார்கள்.

எண்பத்தொன்பது. எதிர்ப் பலகையோடு சமம்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார் முதல்வர்.

"இருபதுக்குத்தான் அனுமதி சார். பெஞ்சுலயும் இடமில்ல."

"இடத்தை நான் பாத்துக்கறேன். ஒரு மாசமா நல்லா உழைச்சிருக்கீங்க. வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

அன்று மாமா கேட்கும் முன்பே, "நாளைக்கு ஆயிடும் மாமா," என்றான். அக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

காலையில் கல்லூரி வாசலில் ஏணி போட்டுப் பெயிண்டர் 'தொண்ணூறு' எழுதிக்கொண்டிருந்தார். கிளார்க் ஒரு நிமிடம் நின்று ரசித்துவிட்டு உள்ளே போனான். அவன் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய பேனா, குடை, டிபன் டப்பா எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் தரையில் இருந்தன.

"இது என் இடம்மா."

"இங்கதான் உக்காரச் சொன்னாங்க சார்," என்று அவள் பயந்து எழுந்தாள்.

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த கல்லூரி ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"கோச்சுக்காதீங்க தம்பி. நீங்க போன வருஷம் எதிர்க் காலேஜ்ல படிச்சு முடிச்சவராமே. நம்ம காலேஜ்ல முடிச்ச இந்தப் பொண்ணு உங்க சீட்டுல உக்காந்தா நமக்குத் தொண்ணூறு. நீங்க வீட்ல உக்காந்தா அவங்களுக்கு எண்பத்தெட்டு."