அட்டைச் சட்டத்துக்குள் ஒரு தொட்டில்

மகள் பென்சில் தேடி இழுப்பறையைக் குடைந்தபோது அந்த அட்டை கிடைத்தது. நடுவில் சதுரமாக ஓட்டை, ஓரத்தில் காய்ந்த பால் கறை. மூன்று வருஷம் ஆகியும் கறை போகவில்லை.

அவள் பிறந்து இருபத்திரண்டாம் நாள் காலை. எங்கள் படுக்கையறையை அழகுபடுத்தியே தீருவது என்று என் கணவர் தீர்மானித்தார். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவர். உலகமே அவருக்கு ஒரு பக்கம்தான். சாப்பாட்டுத் தட்டைக்கூட அந்த அட்டைச் சட்டத்தின் வழியாகப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். அதற்குள் ஆறிவிடும்.

"எல்லாம் ஒரே பக்கம் குவிஞ்சு கிடக்கு. சமநிலையே இல்ல. தொட்டில் ஜன்னல் ஓரம் போகட்டும். நடுவுல வெற்றிடம் விடணும். கண்ணு மூச்சு விடணும்ல."

கண் மூச்சு விடுவது அவர் கவலை. குழந்தை மூச்சு விடுவது என் கவலை. அரை மணிக்கு ஒரு தரம் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். ஜன்னல் ஓரம் பத்தடி தள்ளி. என் கை அவ்வளவு நீளமில்லை. பயமாயிருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு எதிர்த்துப் பேசக் கற்றுத் தரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சந்தேகம் கேட்கத்தான் கற்றுத் தந்தார்கள். அவர் தொட்டிலைத் தள்ளி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"ஏங்க, ஒரு சந்தேகம். இந்த அறையில கண்ணு முதல்ல எங்க போகணும்?"

"குழந்தை மேலதான்."

"யார் கண்ணு?"

"பார்க்கிறவங்க கண்ணு."

"நாள் முழுக்க இங்க படுத்துப் பார்க்கிறது நான்தானே?"

தயங்கினார். பிறகு என் தலையணையில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி, அட்டையைத் தூக்கினார். தெரிந்தது தொட்டிலின் இரண்டு கால்களும் துணி மூட்டையும்தான். எழுந்து போய்த் தொட்டிலைக் கொஞ்சம் இழுத்தார். மறுபடி படுத்துப் பார்த்தார். குழந்தை கடுகளவு தெரிந்தது. உறவுள்ளவற்றை ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் அவர் அடிக்கடி சொல்லும் விதிதானே என்று மெல்ல ஞாபகப்படுத்தினேன். நாலாவது இழுப்பில் தொட்டில் என் கட்டிலை இடித்து நின்றது. கையை நீட்டினேன். எட்டியது.

அவர் வாசற்படியில் நின்று அட்டையைப் பிடித்தார்.

"பிரமாதம். வலது ஓரத்துல மட்டும் என்னமோ கட்டம் போட்டது துருத்திக்கிட்டு நிக்குது. அதை எடுத்துட்டா போதும்."

"எடுத்துடவா?"

"அதிகப்படின்னா எடுத்துட வேண்டியதுதான்."

எடுத்துக் கையில் கொடுத்தேன். அவருடைய தலையணை.

தலையணையோடு ஹாலுக்குப் போனார். பதினோரு மாதம் அங்கேதான் படுத்தார். கதவை மட்டும் சாத்த விடமாட்டார். அங்கிருந்து பார்த்தால் அமைப்பு அருமையாக விழுகிறதாம். நான் விரல் வைத்துப் பார்க்கும் முன்பே, "மூச்சு சீராத்தான் வருது, நீ தூங்கு" என்று இருட்டிலிருந்து குரல் வரும்.

இன்று மகள் அந்த ஓட்டையில் கண்ணை வைத்து எங்கள் அறையை மெதுவாக நோட்டம் விட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த இவர் அவசரமாகத் தன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.