மூன்று புள்ளியும் நாலு தட்டு ஏலக்காயும்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான் போகவில்லை, அவர்கள்தான் வரவேண்டாம் என்றார்கள்.) அப்படிப்பட்டவன் போனில் வீடியோ பார்த்து சி என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு ஏலத்தோட்ட ஊரான சக்குபள்ளத்தில் ஒரு சாட்சி உண்டு. பழுப்பாக இருக்கும்.

மாமாவின் ஸ்டோரில் எனக்கு வேலை. பச்சை ஏலக்காயைச் சூடு காட்டி உலர்த்தும் அறை அது. அவர் மகள் செல்வியை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றவர் ஆறு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார். செல்வி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் முடித்தவள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் மூளைக்காரன்தான் என்று காட்ட, ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு போர்டு செய்தேன்.

அறையில் ஐந்து தட்டு. தட்டுக்கு ஒரு சூடு பார்க்கும் கம்பி. சராசரி ஐம்பது டிகிரியைத் தொட்டால் ஹீட்டர் அணையும். சில நாள் மூன்று தட்டுதான் நிறையும் என்பதால், போர்டுக்கு எழுதிய புரோகிராமில் சராசரி போடும் பகுதியான ஃபங்ஷனில் மூன்று புள்ளி வைத்தேன். அப்படி வைத்தால் எத்தனை எண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் எத்தனை வருகிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு எண்ணத் தெரியாது. (இதில் அது என் சாதி.)

வெள்ளோட்டத்துக்கு மாமா சீசனின் முதல் பறிப்பையே தந்தார். "காய் பச்ச மாறாம வந்துச்சுன்னா, வர்ற வாரம் உங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா."

காலையில் பார்த்தால் ஒரு கம்பியை எலி கடித்திருந்தது. நாலு தட்டில் மட்டும் காயைப் பரப்பி, ஃபங்ஷனுக்குப் போகும் ஐந்தாவது எண்ணை அழித்தேன். முன்னால் 'ஐந்து வருகிறது' என்று சொல்லியிருந்ததை அழிக்கவில்லை.

அப்புறம் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்டைப் போய்ப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. வெளியே வந்தேன். டீ குடித்தேன். மறுபடி போனேன். நாற்பத்தொன்பது.

மாமா மூக்கைச் சுருக்கினார். "மாப்ள, வாசம் சரியில்லையே."

"போர்டுல அம்பது கூட வரல மாமா."

"எனக்கு மூக்குல வந்துருச்சே."

கதவைத் திறந்தார். ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இது ஏலக்காயா, காப்பிக்கொட்டையா?"

வாசம் பிடித்து வந்த செல்வி என் போனை வாங்கி, அதில் எழுதியிருந்த புரோகிராமை ஒரு நிமிடம் பார்த்தாள். "நாலு குடுத்துட்டு அஞ்சுன்னு சொல்லிருக்கீங்க. அஞ்சாவதுக்கு அது எங்க போகும்?"

"இல்லன்னு சொல்லாதா?"

"சொல்லாது. பக்கத்துல என்ன குப்ப கெடக்கோ அத எடுத்துக்கும்."

அன்று பக்கத்தில் கிடந்தது பூஜ்யம். நாலு தட்டும் அறுபதில் வெந்துகொண்டிருக்க, அந்தப் பூஜ்யம் ஐந்தாவதாக உட்கார்ந்து சராசரியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு குமுளிக்கு பஸ் ஏறிவிடலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

"எங்க போற? வர்ற வாரம் அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா" என்றார் மாமா.

"மாமா, காய்..."

"ஒன்னயத் தனியா விட்டா தோட்டத்தையே வறுத்துருவ. எண்ணத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட வேணும்ல?"

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. அந்தப் பழுப்புக் காயில் ஒரு கை இன்னும் மாமா வீட்டு அலமாரியில் பாட்டிலில் இருக்கிறது. மாமா, அத்தை, செல்வி, நான் என்று நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் மாமா ஐந்தாவதாக ஓர் இலை போடுவார். அதில் ஒரு காயை வைத்துவிட்டு, செல்வியைப் பார்த்துச் சொல்வார்:

"மொதல்ல இவருக்குப் பரிமாறும்மா. ஒனக்கு மாப்ள பாத்துக் குடுத்தவரு."