குரலை நம்பாதே

"ரஸியா, கேரளா நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும். சீக்கிரம் சொல்லு!"

"யாருங்க பேசறது?" என்றாள் ரஸியா.

சிராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிய மனைவி கேட்கிற கேள்வியா இது?

கேரள எல்லையோரக் கோபாலபுரத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் அவருக்கு, அந்த ஊர் ஆட்கள் எல்லோரையும் போல, தமிழ்நாட்டுக்கு ஒரு போன், கேரளாவுக்கு ஒரு போன். போன வாரம் வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர், "ஓடிபி கேக்கறதுக்கு இப்ப ஆளோட குரலையே திருடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே கேரளா போன் அரிசி டிரம்முக்குள் போய்விட்டது. காவலுக்கு ரஸியா.

"என்ற குரல்ல கேட்டாலும் சொல்லிப்போடாதே. ஜெஸ்னா குரல்ல கேட்டாலும் சொல்லிப்போடாதே!" என்று சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் ஓதினார்.

இப்போது கொழிஞ்சாம்பாறை கம்ப்யூட்டர் சென்டரில் நிற்கிறார். மகள் ஜெஸ்னாவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. ஐந்து மணிக்குள் ஓடிபி போட்டு உறுதி செய்யாவிட்டால் கைவிட்டுப் போய்விடும். இருப்பது அரை மணி நேரம். வீட்டுக்குப் போய்வர அது போதாது.

"நான்தான் ரஸியா, உன்ற ஊட்டுக்காரன்!"

"அப்படித்தான் சொல்வாங்கன்னு அவரு சொல்லியிருக்காருங்க. நிக்காஹ் விருந்துல எது தீந்து போச்சு?"

ரகசியக் கேள்வி! அவரே வைத்தது. "நெய்ச்சோறு!"

"அது பழைய பதிலுங்க. வெள்ளிக்கிழமை மாத்தியாச்சு."

மாற்றியதும் அவர்தான். எதுவாக மாற்றினார் என்பதுதான் நினைவில்லை. "கறியா? பாயசமா?"

"மூணும் தப்பு. வெச்சிருங்க."

சென்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஜெஸ்னா போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, நாந்தாம்மா! என்ற சீட்டு போயிரும்மா!"

"அடப்பாவிகளா, எம்புள்ள குரலையும் திருடிப்போட்டீங்களா!" போன் கட்.

ஜெஸ்னாவின் கண்ணில் நீர் முட்டியது. சிராஜ் மானத்தை ஓரமாக வைத்துவிட்டு வீடியோ காலில் முகத்தைக் காட்டினார்.

"முகத்தையும் செஞ்சிருவாங்களாம். எங்கே, மூக்கைப் புடிச்சுட்டுத் தலையை ஆட்டுங்க."

மகளுக்காக அதையும் செய்தார். பலமாகவே ஆட்டினார்.

"என்ற ஊட்டுக்காரரு நாலு பேரு முன்னாடி இப்படிக் கோமாளித்தனம் பண்ண மாட்டாருங்க" என்று பெருமையோடு சொல்லி, நம்பரையே பிளாக் செய்துவிட்டாள் ரஸியா.

சிராஜ் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சீட்டு போகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் இப்படி ஒரு மனைவியை எந்தத் திருடனால் ஏமாற்ற முடியும் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பும் இருந்தது.

சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் வனிதா ரஸியாவின் நம்பரைக் கேட்டு வாங்கி, தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து ஆறு எண்களைத் தட்டினாள். திரையில் பச்சை டிக் விழுந்தது. ஜெஸ்னா துள்ளிக் குதித்து அத்தாவைக் கட்டிக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் சிராஜ். "அவகிட்ட இருந்து எப்படிம்மா வாங்கினே? என்ன கேள்வி கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல பாய். யாருன்னுகூடக் கேக்காம சொல்லிட்டாங்க. ஊட்டு ஆளுக குரல்ல கேட்டாத்தான் சொல்லக் கூடாதாமே?"