செல்லபாய் ஏசாத வாரம்

இவ்வாண்டு எழுத்தாளனாகியே தீருவதென முடிவு செய்தேன். இருபத்தாறு ஆண்டுகளாக இதே முடிவைத்தான் செய்துவருகிறேன். இம்முறை துணைக்குச் செயற்கை நுண்ணறிவு இருந்தது.

தக்கலையில் ஓர் அலுவலகத்தின் கண்காணிப்பாளராகிய சுந்தரராஜ் என்னும் நான், ‘நாகர்கோவிலில் ஒரு மனைவியின் மனப்போராட்டம்’ என்று கணினியில் தட்டினேன். காப்பி ஆறுவதற்குள் மூன்று பக்கம் வந்தது. எழுதிய களைப்பில் எனக்கு வியர்த்துவிட்டது.

என் மனைவி செல்லபாய், மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்பவள் அல்லள். அவளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன்.

“‘சன்னலோரம் நின்ற அவளுடைய மௌனம் ஆயிரம் கதைகள் பேசியது...’”

“நிறுத்துங்க. எந்த ஊரு பொம்பள இவ?”

“நம்ம கோட்டாறுதான்.”

“கோட்டாத்துல எந்தப் பொம்பள மௌனமா நின்னா? பேரச் சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வாறேன்.”

“ஏட்டி, இது இலக்கியம்.”

“செரி, மேல படிங்க.”

“‘தக்காளியும் நல்லெண்ணெயும் மணக்க மீன் குழம்பை இறக்கினாள்...’”

“தேங்கா?”

“எதுல?”

“குழம்புலதான்! தேங்கா அரைக்காம இந்த ஊருல எவ மீன் குழம்பு வச்சா? சவம், அதனாலதான் அவளுக்கு மனப்போராட்டம். இத நீங்கதான் எழுதுனியளா, இல்ல மதுர பஸ்ல வந்து எறங்குனவன் எவனாவது எழுதுனானா?”

அக்கணமே எனக்கு ஞானம் பிறந்தது. நுண்ணறிவிடம் உலகத்து நூலகங்கள் அனைத்தும் இருந்தன. செல்லபாயின் நாக்கு மட்டும் இல்லை. அதைக் கொடுத்துவிட்டால் இலக்கியம் தானாகவே விளையும்.

மறுநாள் காலை, ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சந்தைக்குப் போய், இருப்பதிலேயே மோசமான அயலை மீனாகப் பார்த்து வாங்கினேன். மீன் விஷயத்தில் எனக்குள்ள அறியாமையை அன்றுதான் முதன்முறையாகத் திட்டமிட்டுப் பயன்படுத்தினேன்.

“செவுளப் பாத்தியளா?”

“பாத்தேன்.”

“செவப்பா இருந்துதா?”

“ஒரு மாதிரியா இருந்துது.”

“இது செத்து ஒரு வாரம் ஆச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்ததுக்குப் பதிலா, போதகரக் கூப்பிட்டு அடக்க ஆராதனை நடத்தியிருக்கலாம். வித்தவன் சிரிச்சானா?”

“ஆமா.”

“சிரிப்பான். நீங்க வாறதத் தூரத்துலயே பாத்து, பெட்டிக்கு அடியில கெடந்தத மேல எடுத்துப் போட்டிருப்பான்.”

பதினொரு நிமிடம். ஒரு சொல்லும் வீணில்லை. நுண்ணறிவு அதைக் கதையாக்கியது; ஒரு வார இதழ் அதை வெளியிட்டது. ‘இதே நடையில் எட்டு வாரத் தொடர் வேண்டும். முதல் பகுதி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்’ என்று இதழாசிரியர் எழுதினார். இருபத்தாறு ஆண்டுக் கனவு வெள்ளிக்கிழமையன்று பலிக்கவிருந்தது.

“சாரே, பெண் மனசு உங்களுக்கு எப்படி இவ்வளவு மனசிலாச்சு?” என்று அலுவலகத்தில் அனில்குமார் வியந்தான்.

“கூர்ந்து கவனிக்கணும், அனில்” என்றேன்.

கேடு, அடுத்த வீட்டுத் தாணம்மாள் வடிவில் வந்தது. மதிலுக்கு மேலே முதலில் வார இதழும் பிறகு அவள் தலையும் தோன்றின.

“டீச்சரே, சாரு கதையில வாற பொம்பள உங்கள மாதிரியே ஏசுதா. அந்த அடக்க ஆராதனைகூட அப்பிடியே இருக்கு. அன்னைக்கு எங்க அடுக்களை வரைக்கும் கேட்டது இதுதானே?”

செல்லபாய் நின்றபடியே இருமுறை படித்தாள். இதழை மடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அன்று முதல் அவள் தேவதையானாள்.

சனிக்கிழமை முன்னதைவிடக் கேவலமான மீன் வாங்கினேன். “பரவாயில்லை. பூனைக்கு ஆகும்” என்றாள். ஞாயிறன்று, ஆலயத்திலிருந்து திரும்பியதும், “தேங்காய் இல்லாமலேயே குழம்பு நல்லாத்தான் இருக்கும்” என்று அறிவித்தேன். இந்த மாவட்டத்தில் திருமணங்கள் முறியப் போதுமான வாக்கியம் அது. “உங்கள் விருப்பம்” என்றாள், செந்தமிழில். புதனன்று, அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்கள் மீது ஈரத் துண்டைப் போட்டேன். அவள் புன்னகையுடன் துண்டை எடுத்துக் கொடியில் காயப்போட்டாள்.

“எழுத்தாளருக்கு ஆயிரம் சிந்தனை இருக்கும்.”

வாரம் முழுதும் சேர்ந்த சொற்களை எண்ணினேன், இருபது தேறவில்லை. வியாழனன்று அவற்றை நுண்ணறிவுக்கு ஊட்டினேன். அது சற்றும் தயங்காமல் எழுதியது: ‘அவளுடைய மௌனம் ஆயிரம் கதைகள் பேசியது.’

அந்த வாக்கியம் எத்தனை உண்மையானது என்று அப்போதுதான் புரிந்தது.

மானத்தை விட்டு அவளைத் தேடிப் போனேன். அவள் என் நாற்காலியில், என் மேசையில், என் கணினிக்கு முன்னால் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் கையால் எழுதிய தாள்கள்.

“ஏட்டி, நாளைக்கு வெள்ளிக்கிழம. ஒரே ஒரு தடவ ஏசு.”

“எதுக்கு?”

“தொடருக்கு.”

“ஏசுறது நானு, பேரு உங்களுக்கா? நேத்தே அந்த ஆசிரியருக்குப் போன் பண்ணியாச்சு. கதையில ஏசுறது நான்தான்னு சொன்னேன். நம்பல. ரெண்டு நிமிஷம் உங்கள ஏசிக் காட்டுனேன். ‘போதும்மா, தொடர் உங்க பேருலயே வரட்டும்’னுட்டாரு.”

“அப்போ... இந்தக் கணினி?”

“எழுதுறது என் கை. இதுக்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், படிச்சா நம்புற மாதிரி இருக்கான்னு.”

திரையில் பதில் வந்திருந்தது: ‘மனைவியின் பாத்திரம் மிகச் சிறப்பு. ஆனால் கணவன் நம்பும்படியாக இல்லை. ஒரு மனிதர் இவ்வளவு அறிவற்றவராக இருக்க இயலாது. சற்றுக் குறைத்து எழுதலாம்.’

என் கண்கள் பனித்தன. இந்த வீட்டில் எனக்காகப் பரிந்து பேச ஒருவராவது இருந்தார்.

“பாத்தியா? அதுக்கே பொறுக்கல” என்றேன்.

செல்லபாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏற்கெனவே பாதியாக் கொறச்சுதான் எழுதியிருக்கேன்.”