வாயில் பிஸ்கட்டோடு ஓர் ஆட்சேபம்

லா சியெனேகிட்டா, நியூ மெக்சிகோ
மே மாதம், வெள்ளிக்கிழமை

டென்வரில் கணவர், பிள்ளைகளோடு குடியிருக்கும் அன்புத் தங்கை எடுவிகெனுக்கு உன் அண்ணன் செலெடோனியோ எழுதுவது. நான் நலம். முழங்கால் நலமில்லை, ஆனால் அது என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை. உங்கள் எல்லோருடைய ஆரோக்கியத்துக்காகவும் உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் திருநாளன்று ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். காற்று அணைத்துவிட்டது. மறுபடியும் ஏற்றினேன்.

கிறிஸ்துமஸ் அட்டையில் என் சரித்திர வகுப்பைப் பற்றி விசாரித்திருந்தாய். மே மாதத்தில் பதில் வருகிறதே என்று நினைக்காதே. சொல்லும்படியாக இப்போதுதான் ஒன்று நடந்திருக்கிறது: வகுப்பை மூடிவிட்டார்கள்.

முப்பத்தோரு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் சரித்திரம் நடத்தலாமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். பனி நிற்கட்டும் என்று அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் படித்த பழைய நிலப் பத்திரங்களை அவர்கள் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஸ்பானிய ராஜா இந்த எல்லைப்புறத்தில் யாரை எங்கே குடியேற்றினார், எந்த வாய்க்காலை யார் வெட்டினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக வியாழன்தோறும் பத்து மணிக்கு நூலகத்தின் பின்னறையில் நடத்தி வந்தேன். உன் அண்ணி அடெலாய்டாவை அடக்கம் செய்த மாதம் தொடங்கிய வகுப்பு. ஒரு வியாழனுக்கும் அடுத்த வியாழனுக்கும் இடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மருந்துக்கடைத் தொலைபேசி இயந்திரம் மட்டும்தான். அதுவும் தப்பாக உச்சரிக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

நூலகத்தின் விதிப்படி ஐந்து பேராவது இருக்க வேண்டும். மினசோட்டாவிலிருந்து வந்து குடியேறிய டக், அவர் மனைவி மார்ஜ், சோம்புப் பிஸ்கட் செய்துகொண்டுவரும் விதவை ஒர்லிந்தா, என்னை மறுத்துப் பேசுவதற்கென்றே வரும் என் பள்ளித் தோழன் ஃபகுந்தோ, ஐந்தாவதாகத் திபுர்சியோ. திபுர்சியோவுக்குக் காது கேட்காது. அவன் வந்தது அந்த அறையின் ஹீட்டருக்காக. ஏப்ரலில் வெயில் வந்தது, அவன் வரவில்லை. நூலகர் பெர்பெத்துவா விரலை நீட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலுதான் இருக்கு. ரெண்டு வாரம் டைம் தர்றேன், அதுக்குள்ள இன்னொருத்தரப் பிடிங்க" என்றாள்.

ஆள் சேர்க்க ஒரே வழி, சரித்திரத்தைக் கண்ணால் காட்டுவது என்று முடிவு செய்தேன். அந்தக் காலத்தில் ராஜாவின் பெயரால் நிலம் கொடுக்கும்போது அதிகாரி முதலில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். இல்லையென்றால் குடியேறுகிறவரின் கையைப் பிடித்து நிலத்தில் நடத்திச் செல்வார். அவர் புல்லைப் பிடுங்கி, கல்லை எறிந்து, ராஜா வாழ்க என்று கூவுவார். நிலம் அவருடையதாகிவிடும். நம் முன்னோர் பன்னிரண்டு குடும்பத்தாரும் இப்படித்தான் இந்தப் பள்ளத்தாக்கைப் பெற்றார்கள். பத்திரத்தில் சொன்ன மூலையை நான் காலடியால் அளந்தேன். அது டக்கின் வீட்டு முன்புல்வெளியில் போய் விழுந்தது. டக் சந்தோஷமாகச் சம்மதித்தார். தபால் நிலையத்தில் அறிவிப்பு ஒட்டினேன். புதிதாக ஒருவரும் வரவில்லை. அந்த நால்வர்தான்.

நான் அதிகாரி. டை கட்டியிருந்தேன். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று விதிப்படி மூன்று தடவை கேட்டேன். ஃபகுந்தோவின் வாயில் ஒர்லிந்தாவின் பிஸ்கட். தலையை ஆட்டினான். இல்லை என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்; வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஒர்லிந்தாவின் கையைப் பிடித்து நடத்தினேன். "பிடுங்கு" என்றேன். இங்கேதான் எனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அந்தப் புல் விதைத்து முளைத்ததல்ல, பாய் மாதிரி சுருட்டி லாரியில் வந்தது. விரித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒர்லிந்தா பலசாலி. பிடித்து இழுத்தாள். ஆறடி நீளத்துக்குப் புல்வெளியே எழுந்து வந்தது.

"ஐயோ அண்ணே, மொத்தமா வருது! விடவா, பிடிச்சுக்கவா?"

"விடாதே, ராஜாவின் நிலம்!" என்றேன். நடுவில் நிறுத்தினால் சடங்கு செல்லாது. கல்லை நானே எடுத்து எறிந்து காட்டினேன். அது தண்ணீர் தெளிக்கும் குழாயின் கழுத்தில் பட்டு, குழாய் உடைந்து, மார்ஜ் தலையிலிருந்து கால்வரை நனைந்தாள். டக் நல்ல மனிதர், அந்த மழையிலும் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டார்: "சார், ராஜா வாழ்கன்னு சொன்னா அமெரிக்காவுல ஏதாவது கேஸ் ஆகுமா?"

"டக், தண்ணிய மூடிட்டு அப்புறம் ராஜாவப் பாரு!" என்றாள் மார்ஜ்.

அந்த நேரம் பார்த்து ஃபகுந்தோ பிஸ்கட்டை விழுங்கி முடித்தான். "எனக்கு ஆட்சேபம் இருக்கு."

"நேரம் முடிந்துவிட்டது" என்றேன்.

"வாயில பிஸ்கட் இருந்துச்சுடா!"

"ராஜ சட்டத்தில் பிஸ்கட்டுக்கு இடமில்லை."

"எங்களுக்கும்தான் இடமில்ல. உங்க பன்னெண்டு குடும்பம் கையக் கோத்துக்கிட்டு வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடியே எங்காளுங்க இங்க இருந்தாங்க. பல பழங்குடிகள்லேர்ந்து பச்சப் புள்ளைங்களா ஸ்பானியக்காரங்க பிடிச்சிட்டு வந்து, ஞானஸ்நானம் குடுத்து, வீட்டு வேலைக்கு வெச்சு, அப்புறம் சண்டைக்கு வர்ற கொமான்சேக்காரங்க அம்பு யாரு மேல முதல்ல விழணுமோ அந்த எடத்துல கொண்டாந்து குடிவெச்சாங்க. எங்களக் கையப் பிடிச்சு யாரும் புல்லுப் பிடுங்கச் சொல்லல, வாத்தியாரே. மூணு வருஷமா பாடம் நடத்துறியே, இத எந்த வியாழக்கிழமை நடத்தின?"

ஒர்லிந்தா எழுந்த புல்லைக் காலால் அமுக்கிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் கேளுங்க. உங்களுக்கெல்லாம் முன்னாடி இங்க சோளம் போட்டது எங்கம்மா ஆளுங்க. அவங்க ஆட்சேபத்த எந்தக் கவர்னர்கிட்ட குடுக்கறது?"

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் நீளமானது, தண்ணீர் கணுக்கால்வரை வந்துவிட்டது. பையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க, ஃபகுந்தோவின் பெயரை அடித்தேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். டக்கும் மார்ஜும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திங்களன்று பெர்பெத்துவாவிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. என் அறையில் வியாழன்தோறும் இனிமேல் பின்னல் வகுப்பாம்.

நேற்று வியாழன். பழக்கத்தில் பத்து மணிக்கு டை கட்டிவிட்டேன். கட்டியதை அவிழ்ப்பானேன் என்று சமையலறையில் நின்று, கொமான்சேக்களுடன் 1786-இல் செய்த சமாதானத்தை அடுப்புக்கு நடத்தினேன். தடங்கலே இல்லாமல் ஒரு மணி நேரம் போயிற்று. அடுப்பு ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. இப்படி மோசமான வகுப்பை என் வாழ்நாளில் நடத்தியதில்லை.

ஆகவே, இனி நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதாக இல்லை. ஃபகுந்தோவிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் இல்லை. நீயும் கவலைப்பட்டுப் புறப்பட்டு வர வேண்டாம். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்து பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை. உன் வீட்டு வாசலில் நல்லது மட்டும் நுழையட்டும். உன் பிள்ளைகள் தொலைபேசியை எடுத்துப் பேசுகிறவர்களாக வளரட்டும்.

தன் முடிவில் மாறாத அண்ணன்,
செலெடோனியோ

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே எழுதியதைப் படிக்காதே. உறையை ஒட்டப் போகும்போது ஃபகுந்தோ வந்தான். ஆட்சேபத்தை நாலு பக்கம் எழுதி, பழைய முறைப்படி "மாண்புமிகு அதிகாரி அவர்களுக்கு" என்று என் பெயருக்கே கொண்டுவந்திருக்கிறான். சாட்சிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் இரண்டு பேர். வாயில் பண்டம் உள்ளவனைக் காத்திருந்து கேட்பதுதான் முறை என்று யோசித்துப் பார்த்ததில் எனக்கும் தோன்றியது. இது மன்னிப்பு அல்ல, தீர்ப்பு. முறையான மனு வந்தால் விசாரித்தே ஆக வேண்டும். "படிக்க வரலடா, எதுத்துப் பேசத்தான் வர்றோம்" என்றான். பெர்பெத்துவாவோ, நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், எதற்கு என்று நூலகம் கேட்காது என்கிறாள். பின்னல்காரர்களைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டாள். தன் புல்வெளியின் தலையெழுத்தைத் தான் இல்லாமல் யாரும் தீர்மானிக்கக் கூடாது என்று மார்ஜ், டக்கையும் இழுத்துக்கொண்டு வருகிறாள். ஒர்லிந்தா, தன் அம்மா வழி ஆட்சேபத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்கிறாள். எடுக்கத்தான் வேண்டும். பதினோரு வாரமாவது ஆகும்.

இனி உன் விஷயம். அம்மா உன் பெயருக்கு எழுதிவைத்த வடக்குத் துண்டு டக்கின் வேலியை ஒட்டியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரை வரவழைக்காமல் விசாரணை செல்லாது. ஆகையால் இது கடிதம் அல்ல, சம்மன். வரும் வியாழன் காலை பத்து மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும். தபாலில் சம்மதம் அனுப்பினால் ஏற்க மாட்டேன். புதன்கிழமையே வந்துவிடுவது நல்லது. உன் அறையில் படுக்கை விரித்தாகிவிட்டது.