சந்தாவும் கமலவேணியின் சாவும்

காஜா பெராங், மலாக்கா
20 ஜனவரி 1958

பினாங்கு ‘கரைவிளக்கு’ வார இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற அரசாங்கக் கிராணி கருணாகரன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி சிவகாமசுந்தரியும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் அச்சு இயந்திரத்தின் சுகத்தையும் அறிய ஆவல். இரண்டுக்கும் நான் கெடுதல் நினைப்பவன் இல்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். தயவுசெய்து என் சந்தாவை நிறுத்துங்கள்.

நான் எப்படிச் சந்தாதாரன் ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு இங்கே கோயில் மண்டபத்தில் மேசை போட்டுக் குடியுரிமைக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் எந்தத் தாளை நீட்டினாலும் நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள், போடாவிட்டால் கப்பலேற்றி விடுவார்களோ என்று பயம். அடுத்த மேசையில் தங்கள் ஏஜெண்ட் பொன்னுதுரை தலை நிறைய வாசனைத் தைலத்தோடு உட்கார்ந்திருந்தார். “இதுலயும் ஒன்னு போட்டுடுங்க சார், மொத மாசம் சும்மா” என்றார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து ஆபீசில் குமாஸ்தாவாகக் காலமெல்லாம் சிரித்தவன் நான். அன்றைக்குப் படிக்காமலே போட்டேன். மாதாமாதம் என் பென்ஷனிலிருந்து இரண்டு வெள்ளி எடுத்துத் தங்களுக்கு அனுப்பும்படி பேங்குக்குச் சொல்லும் தாள் அது என்று பிறகுதான் தெரிந்தது. குடியுரிமைத் தாள் இன்னும் வந்தபாடில்லை, தங்கள் இதழோ ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் தியாகு என்ற தம்பி மிகவும் மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் முடியாது என்றார். நான் போட்ட தாளில் பத்திரிகை சம்மதித்தால்தான் நிறுத்தலாம் என்று இருக்கிறதாம். சரி என்று தங்களுக்கு எழுதினேன். ‘தங்கள் பேராதரவுக்கு நன்றி’ என்று ஓர் அட்டை வந்தது. மறுபடியும் எழுதினேன், இந்த முறை முருகன் படம் போட்ட காலண்டர் வந்தது. முருகனைத் திருப்பி அனுப்ப மனசு வராமல் சுவரில் மாட்டினேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது, பென்ஷன் விழுகிற அன்றைக்கே முழுப் பணத்தையும் எடுத்துவிட்டால் பேங்கு எதைப் பிடிக்கும்? கதவு திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன், காவல்காரர் என்னைத் திருடன் என்று நினைத்து ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தார், கதவு திறந்ததும் ஓடினேன், தியாகு தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, “ஒங்களுக்கு முந்தியே அது பினாங்குக்குப் போயிருச்சு ஐயா” என்றார்.

என் மனைவியின் கணக்கே வேறு. அடுப்படிக் கூரையில் தகரம் ஓட்டை. மழை பெய்தால் குழம்பு தானாகவே ரசமாகிவிடுகிறது. சந்தாக் காசில் தகரம் மாற்றலாமே என்று ஒருநாள் கேட்டாள், நான் தலையாட்டினேன், அடுத்த மாதமும் காசு போனதும் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். “சந்தா நிக்கிற வரைக்கும் காப்பியில சீனி கெடையாது.” அன்றிலிருந்து கசப்புக் காப்பிதான் குடிக்கிறேன்.

நிறுத்தினால் தங்கள் தொடர்கதை என்ன ஆகும் என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். அதை நானே முடித்துவிட்டேன். பதறாமல் மேலே படியுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் தெய்வானை அம்மாளும் அவர் கணவர் நடராஜனும் இருக்கிறார்கள். மலாக்காச் செட்டிகள். பெயரும் சாமியும் நம்முடையவைதான், வீட்டில் பேசுவது மலாய். எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை தங்கள் தொடர்கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது, யாரோடு சண்டை போடுகிறேன் என்று தெய்வானை அம்மாள் வேலியோரம் வந்து கேட்டார். சித்தி விரட்டிவிட்ட கமலவேணியின் கதையை மலாயில் சொன்னேன். அடுத்த வெள்ளி கணவரோடு வந்தார். அதற்கடுத்த வெள்ளி பாதித் தெரு வந்து என் வாசல் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லுகிறேன் ஐயா, வேலையை விட்டு வந்த நாளிலிருந்து என்னை எதிர்பார்த்து யாரும் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் சீனியும் வேண்டுமே. கதை முடிந்தால்தானே தெருவார் முகம் கோணாமல் இதழை நிறுத்தலாம்? ஆகவே இந்த மாத முதல் வெள்ளியன்று தாங்கள் எழுதாத ஒன்றை நான் படித்தேன். கமலவேணி ஏறிய படகை நட்ட நடு ஆற்றில் கவிழ்த்துவிட்டேன். கூட்டம் எழுந்து போனது. தெய்வானை அம்மாள் மட்டும் வாசலில் நின்று, “கெசியான் டியா, கிராணி. பெருட் கோசோங்” என்றார். பாவம், வெறும் வயிற்றோடு போய்விட்டாளே என்று வருத்தம்.

பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் இறந்துபோன தங்கள் குடும்பத்தாருக்குப் படையல் வைப்பார்கள். இந்த வருஷம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இலை போட்டுவிட்டு, ஓரமாக இன்னோர் இலையும் போட்டு, சோறும் மீனும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன். கமலவேணிக்கு என்றார்கள். போன வெள்ளி என் பெஞ்சில் ஒருவரும் வந்து உட்காரவில்லை. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். தயவுசெய்து பேங்குக்கு எழுதி என் சந்தாவை நிறுத்துங்கள். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், அந்தத் தைலத் தலைப் பொன்னுதுரைக்கும்கூட எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
சீனி காணாத,
கருணாகரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இந்த வார இதழ் வந்துவிட்டது. நான் எடுப்பதற்கு முன்னால் சிவகாமசுந்தரி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வெள்ளியும் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். தங்கள் கதையில் கமலவேணி வக்கீல் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறாளாம். இவள் நேரே வேலிக்குப் போய், அவள் சாகவில்லை என்று தெய்வானை அம்மாளிடம் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து, “கொன்னது நீங்க, எழுப்பறதும் நீங்களே” என்றாள். என் மானம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் தெய்வானை அம்மாள் கோபிக்கவில்லை. அவள் என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் கேட்டார். தோசை என்றேன். முகம் மலர்ந்து, பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். இதை எழுதும்போது பெஞ்சில் இடமில்லை, என் காப்பியில் சீனி இருக்கிறது, தகரத்தைத் தாமே மாற்றித் தருவதாக நடராஜன் சொல்லியிருக்கிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். சந்தா தொடரட்டும். ஒரே ஒரு சங்கடம். நடராஜன் பழைய படகுக்காரர், நடு ஆற்றில் கவிழ்ந்தவள் எப்படி வக்கீல் வீட்டுக்கு வந்தாள் என்று கேட்கிறார். அதெல்லாம் அடுத்த இதழில் வரும் என்று சொல்லிவிட்டேன். ஐயா, அவளைத் தண்ணீரில் தள்ளியது நான்தான். கரையேற்ற வேண்டியது தங்கள் பொறுப்பு.