ஆர்டர் இல்லாத வருஷத்துக்குக் கிடைத்த மின்சேமிப்பு விருது

திருப்பூர்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய செந்தில்வேல் மச்சான் அவர்களுக்கு, கன்னையன் வணங்கி எழுதுவது. நானும் வீட்டில் வினிதாவும் சுகம். அக்காவின் முட்டிவலி முருகன் புண்ணியத்தில் இறங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

அவிநாசியில் இருக்கும் உங்கள் கல்யாண மண்டபத்தை இந்த வருஷ மின்சேமிப்பு விருதுக்குச் சேர்த்திருப்பதாக அக்கா போனில் சொன்னார். மச்சான், தயவுசெய்து வாபஸ் வாங்கிவிடுங்கள். போன வருஷம் அதை வாங்கிய பனியன் கம்பெனிக்கு மேனேஜராக இருந்தவன் சொல்கிறேன்.

வீடுகளுக்கு அந்த விருது கிடையாது. கம்பெனி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மண்டபம் மாதிரி இடங்களுக்குத்தான். வாய்ப்பேச்சு செல்லாது, முந்தின வருஷத்தைவிட மீட்டரில் யூனிட் குறைந்திருக்க வேண்டும். எங்கள் முதலாளி ஆறுமுகசாமிக்கு அந்த வருஷம் வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய், பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. மெஷின் ஓடவில்லை, அதனால் மீட்டரும் ஓடவில்லை. வந்த நடுவர்கள் மீட்டரைப் பார்த்து அசந்துபோய், "இவ்வளவு மிச்சம் எப்படீங்க பண்ணுனீங்க?" என்று கேட்டார்கள். முதலாளி கூசாமல், "கட்டுப்பாடுதானுங்க" என்றார்.

அடுத்த வீதி நஜீமுதீன் பாய் பாவம். பழைய தையல் மெஷின் மோட்டாரையெல்லாம் கழற்றிவிட்டுக் கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் போட்டார், கூரையில் வெளிச்சத்துக்குக் கண்ணாடித் தகடு பதித்தார். ஆனால் அவருக்கு ஆர்டர் இரண்டு மடங்காகி மீட்டர் ஏறிவிட்டது. "ஒரு பனியனுக்கு எத்தன கரண்டுன்னு பாருங்க, பாதியா கொறஞ்சிருக்கு" என்று மன்றாடினார். "படிவத்துல பனியனுக்குக் கட்டம் இல்லீங்களே பாய்" என்று சொல்லிவிட்டு நடுவர்கள் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பட்டப்பகலில், ஜன்னலையெல்லாம் அடைத்து, ஏசி போட்டு நடுங்க நடுங்க விழா நடத்திக் கேடயம் கொடுத்தார்கள். முதலாளி அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து உள்ளே ஒரு லைட் போட்டார். கம்பெனியில் ராத்திரி பகலாக எரிவது அது ஒன்றுதான்.

வினை அதற்கப்புறம்தான். இந்த வருஷம் ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. ஆர்டரைப் பார்த்துக் கலங்கிய முதலாளியை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கேடயம் கைவிட்டுப் போய்விடுமாம். அயர்னிங் செக்‌ஷனில் சூட்டை வெளியே இழுக்கும் ஃபேன்களை நிறுத்தச் சொன்னார். சித்திரை வெயில், தகரக் கூரை, நீராவிப் பெட்டி. போன வெள்ளிக்கிழமை அங்கே இஸ்திரி போடும் முத்தாயி குழந்தைச் சட்டைக் குவியல்மேலேயே மயங்கி விழுந்துவிட்டார். நான் ஓடிப்போய் ஃபேனைப் போட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால் முதலாளி சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இத யாரு போட்டது?"

"நான்தானுங்க. ஆளு மயங்கீட்டாங்க."

"ஆளத்தான் அனுப்பியாச்சில்ல, இன்னும் எதுக்கு ஓடுது?"

சாவிக்கொத்தை அந்த நீராவிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன் மச்சான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்தாயி எழுந்து உட்கார்ந்து, "இங்க ஃபேன் நல்லா சுத்துதுங்க சார், இன்னும் ரெண்டு நாளு இருந்துக்கறனுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி இந்த ஜென்மத்தில் விருது, மீட்டர் என்று வாயெடுக்க மாட்டேன். நீங்களும் அந்தப் பாவத்தில் விழவேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
கன்னையன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது விருது கொடுக்கும் சங்கத்திலிருந்து போன் வந்தது. விருது வாங்கிய அனுபவம் இருப்பதால் இந்த வருஷம் நான்தான் நடுவராம். கார் அனுப்புகிறார்களாம், சரி என்றுவிட்டேன். வாபஸ் வாங்க வேண்டாம் மச்சான். ஆடி மாசம் அளக்க வருகிறேன், அப்போது எவனும் கல்யாணம் வைக்கமாட்டான். கேட்டால் கட்டுப்பாடு என்று சொல்லுங்கள்.